கற்பனை நாடுகளுக்கு ஒரு பாட்டுப் போட்டி: நானே நடத்திப் பார்த்த செய்முறை

பதினாறு நாடுகள், பதினாறு பாட்டுகள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டு எண்ணி முடித்தேன். வேலாரி என்ற தீவு நாடு 131 புள்ளிகளோடு முதலிடம். சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டத்தில் ‘வெற்றி’ என்று தட்டி என்டர் அடித்தேன். அடித்த கணமே வேலாரி ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது.

ஏன் போனது என்பதைப் படி 5-ல் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்தப் படிக்காகத்தான்.

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் நாட்டுக்கொரு பாட்டை அனுப்பி, ஒன்றுக்கொன்று புள்ளி கொடுத்துக்கொள்ளும் வருடாந்தரப் பாட்டுப் போட்டி. அதே போல, ஆனால் இல்லாத நாடுகளுக்கு நடுவில், வேறு மாதிரி போன ஒரு உலகத்தில் போட்டி நடத்துவதுதான் விளையாட்டு. தேவை ஒரு நோட்டு, ஒரு பேனா, கூகுள் ஷீட்ஸ். எக்செல்லும் சரிதான். ஆனால் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஷீட்ஸ்தான் வசதி. ‘எந்த ஃபைல் புதுசு?’ என்ற பஞ்சாயத்து வராது. கொடி வரையும் தளங்கள், லோகோ செய்யும் ஆப்கள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். நான் போனேன். மூன்று வாரத்தில் பதினொரு கொடி தயார், ஒரு பாட்டு கூட இல்லை.

படி 1: கம்பி யார் கையில்?

மாற்று உலகம் என்றதும் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானே நகரும்.

எதை மாற்றுவது என்று தெரியாவிட்டால் நிஜப் போட்டி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். யூரோவிஷன் என்பது முதலில் பாட்டுப் போட்டியின் பெயரே இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நாடு விட்டு நாடு நேரலையாகப் படம் அனுப்ப வைத்திருந்த வலைப்பின்னலின் பெயர். அந்த வலைப்பின்னலில் எதையாவது ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இத்தாலியில் 1951 முதல் நடந்துகொண்டிருந்த சான்ரெமோ பாட்டு விழா கண்ணில் பட்டது. 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு என்று ஆரம்பித்தார்கள். கம்பி முதலில், பாட்டு அப்புறம்.

என் உலகத்தில் தொலைக்காட்சியே வரவில்லை, வானொலியோடு நின்றுவிட்டது. இந்த ஒரு மாற்றத்தில் ஆடை அலங்காரம் போயிற்று, மேடை நடனம் போயிற்று. பாடகி மேடைக்கு நடந்து வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே அறிவிப்பாளர் ஒரு நிமிடம் பேசுகிறார். புயல் அடித்தால் ஒரு நாட்டின் ஓட்டே வந்து சேராது. இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

படி 2: நாடுகள்

என் முதல் பட்டியலில் அல்டோரியா, வெல்டோரியா, மெல்டோரியா என்று மூன்று நாடுகள் இருந்தன. ஓட்டு வாசிக்கும்போது எனக்கே யார் யாரென்று தெரியவில்லை. ‘யா’வில் முடியும் பெயர் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும். ஷீட்ஸில் முதல் எழுத்தைத் தட்டினாலே பெயர் வந்து நிற்கும். இப்போது என்னிடம் இருப்பவை: வேலாரி, குந்தாரம், ஓர்மா, நெய்மரம், தஸ்கூர் என்று போகும்.

எத்தனை நாடு வேண்டும்? ஒவ்வொரு நாடும் பத்துப் பாட்டுகளுக்குப் புள்ளி கொடுக்கும், தனக்குத் தானே கொடுக்கக்கூடாது. அப்படியானால் பதினொரு நாடாவது வேண்டும். ஆனால் பதினொன்றோடு நிறுத்தினால் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது கொடுத்துவிடுவார்கள், பூஜ்ஜியம் வாங்கிய அவமானம் யாருக்கும் வராது. அது இல்லாமல் என்ன போட்டி? பதினாறு நல்ல எண்.

வரைபடம் அழகாக வரத் தேவையில்லை. நோட்டில் வட்டங்கள் போட்டு, எல்லை பகிரும் நாடுகளைக் கோட்டால் இணையுங்கள். நட்புக்கு நீலம், பகைக்குச் சிவப்பு. ஓட்டு நேரத்தில் கைகொடுக்கப் போவது இந்தக் கோடுகள்தான்.

படி 3: விதிகள்

நாலைந்து விதி போதும். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. புள்ளிகள் 12, 10, பிறகு 8 முதல் 1 வரை; 1975-லிருந்து யூரோவிஷனில் இருக்கும் கணக்கு இது, இதைவிடச் சுவையானதை நான் பார்க்கவில்லை.

மொழி விதியை மட்டும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்று 1966-ல் அங்கே விதி வந்தது, 1973-ல் தளர்ந்தது, 1977-ல் திரும்பி வந்தது, 1999-ல் போயே போனது. உங்கள் உலகத்திலும் இது சண்டைக்கான விஷயம். இரண்டு மொழி பேசும் நாடு ஒன்றை வைத்துக்கொண்டால் வருடா வருடம் கதை கிடைக்கும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். 1969-ல் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் ஆளுக்கு 18 ஓட்டோடு நின்றன. அதற்கென்று விதி இல்லாததால் நான்கும் வெற்றி என்று அறிவித்தார்கள். அது பிடிக்காமல் சில நாடுகள் ஒதுங்கிக்கொண்டன: அந்த வருடம் 16 நாடுகள், அடுத்த வருடம் 12.

படி 4: பாட்டுகள்

முழுப் பாட்டையும் எழுத முயலாதீர்கள், ஐந்தாவது பாட்டில் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, மொழி, ஒரு வரி, காதில் விழும் ஒரு சத்தம், இவ்வளவு போதும். ஓர்மாவின் பாட்டுக்கு என் நோட்டில் இருப்பது இதுதான்: ‘உப்பு எண்ணும் பெண்கள். ஓர்மக் கடற்கரைப் பேச்சுவழக்கு. “ஒரு கை எனக்கு, ஒரு கை கடலுக்கு.” தாளத்துக்கு மேளம் இல்லை, சாக்கில் உப்பு கொட்டும் சத்தம்.’ படிக்கிறவர் மனசில் மீதிப் பாட்டு தானாக ஓடும்.

எழுதிய கையோடு தரம் என்று 1 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். மனசாட்சியோடு போடுங்கள்.

படி 5: ஓட்டு (நான் வழுக்கி விழுந்த இடம்)

நண்பர்கள் பதினாறு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாட்டைக் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது. தனியாக விளையாடுகிறவர்களுக்குத்தான் இந்தப் படி.

முதல் முறை யார் ஜெயிக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் புள்ளிகளை நிரப்பினேன். பார்த்தாலே தெரிந்தது. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிய மாதிரி இருந்தது. அதனால் பகடைக்கு வந்தேன்.

ஒரு தாளில் பதினாறு வரிசை, பதினாறு பத்தி. வரிசையில் பாடும் நாடு, பத்தியில் ஓட்டுப் போடும் நாடு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்களின் கூட்டு: பாட்டின் தரம், அண்டை நாட்டுப் பாசம், பகடை. பாசம் என்பது நீலக் கோட்டுக்கு 4, சிவப்புக்கு கழித்தல் 3, கோடே இல்லையென்றால் 0. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12-ஐத் தூக்கிக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். உங்கள் உலகத்திலும் அப்படி ஒரு ஜோடி இருக்கட்டும். பகடை 0 முதல் 10 வரை. இதைக் குறைத்தால் எல்லா நாடும் ஒரே மாதிரி ஓட்டுப் போடும், ஏற்றினால் வெறும் லாட்டரி.

பகடைக்கு ‘ரேண்ட்’ (RAND) சூத்திரத்தை எடுத்துப் பத்தால் பெருக்குங்கள்; அது 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஒரு தசம எண்ணைத் தரும். ‘ரேண்ட்பிட்வீன்’ (RANDBETWEEN) வேண்டாம். அது முழு எண்களையே தருவதால் ஒரே பத்தியில் மூன்று பாட்டுக்கு ஒரே மதிப்பெண் வந்து நிற்கும். தசமம் இருந்தால் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘ரேண்ட்’ ஒரு தடவை உருண்டு நிற்கிற பகடை இல்லை. தாளில் எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும், ஒரு எழுத்தைத் திருத்தினாலும், எல்லாப் பகடையும் மறுபடி உருளும். நான் ‘வெற்றி’ என்று தட்டியதும் 240 பகடைகளும் ஒன்றாக உருண்டு வேலாரியைக் கவிழ்த்துவிட்டன. அன்டூ அடித்துப் பார்த்தேன். அதற்கும் ஒரு தடவை உருண்டது. அந்த 131 திரும்பி வரவே இல்லை.

தீர்வு இதுதான். பகடைகளை மட்டும் தனித் தாளில் வையுங்கள். புள்ளி, மொத்தம் எதையும் கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, அதே இடத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சூத்திரம் போய் எண் மட்டும் உறைந்து நிற்கும். ஒரு கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள்: மேலே சூத்திரம் தெரிந்தால் உறையவில்லை, 7.31 மாதிரி வெறும் எண் தெரிந்தால் உறைந்துவிட்டது. அப்புறம்தான் அடுத்த வேலை. தனித் தாள் என்பதால் பாசக் கோட்டைப் பிறகு திருத்தினாலும் பகடை கலையாது.

உறைந்த பிறகு, ஒவ்வொரு பத்தியிலும் ‘ரேங்க்’ (RANK, எத்தனையாவது இடம் என்று சொல்லும் சூத்திரம்) போட்டு முதல் பத்துக்கு 12, 10, 8 என்று புள்ளியாக மாற்றுங்கள். ஒரு நாடு தன்னையே சந்திக்கும் மூலைவிட்டக் கட்டங்களை எல்லாத் தாளிலும் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளும்.

முடிவு பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டாதீர்கள். இதில் நான் கறார். என் இரண்டாவது போட்டியில் குந்தாரத்துக்கு நெய்மரம் ஒரு புள்ளி கூடக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆற்றின் இரு கரை, நீலக் கோடு, பாசம் 4. பகடையில் 0.3 விழுந்திருந்தது. சரி, ஏன் கொடுக்கவில்லை? நோட்டைப் புரட்டினேன். குந்தாரத்தின் பாட்டில் அந்த ஆற்றைத் தங்கள் பெயரால் கூப்பிட்டிருந்தார்கள். நெய்மரத்தில் அதே ஆற்றுக்கு வேறு பெயர். வானொலி கேட்ட நெய்மரத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த நான்கு போட்டிக்கு எனக்கு அரசியல் கிடைத்தது இந்த 0.3-லிருந்துதான்.

படி 6: அறிவிப்பு

புள்ளிகளை மொத்தமாகப் போட்டு உடைக்காதீர்கள். நாடு நாடாக வாசியுங்கள், 12 கடைசியில். எந்த நாடு எப்போது வாசிக்கும் என்ற வரிசையை மட்டும் நீங்களே அமைக்கலாம். இது ஏமாற்று இல்லை. யூரோவிஷனிலும் பரபரப்பு குறையாதபடி வரிசையைக் கணக்குப் போட்டே வைத்தார்கள்.

பின்சேர்ப்பு 1

‘மொத்தம் சரியா என்று எப்படித் தெரியும்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். 12-லிருந்து 1 வரை கூட்டினால் 58. நாடுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பதினாறுக்கு 928. ஒன்று குறைந்தாலும் எங்கோ தப்பு. என் புயல் வருடத்தில் ஒரு நாட்டின் ஓட்டு வராததால் 870 வந்தது, அது சரி.

பின்சேர்ப்பு 2

இன்னொருவருக்கு முடிவுப் பலகையில், அதாவது 1, 2, 3 என்று இடத்தைத் தேடி நாட்டின் பெயரை எடுத்துக் காட்டும் பட்டியலில், ஒரு நாட்டையே காணோம். ஐந்தாம் இடத்தில் பிழைச் செய்தி. காரணம் சமநிலை. இரண்டு நாடு நான்காம் இடத்தில் இருந்தால் ‘ரேங்க்’ இரண்டுக்கும் 4 கொடுத்துவிட்டு நேராக 6-க்குத் தாவும். பலகை 5-ஐத் தேடித் தோற்கும். மறைவாக ஒரு பத்தி சேர்த்து இப்படிப் போடுங்கள்: மொத்தப் புள்ளியைப் பத்தாயிரத்தால் பெருக்கி, அதோடு புள்ளி கொடுத்த நாடுகளின் எண்ணிக்கையை நூறால் பெருக்கிக் கூட்டி, கடைசியில் 12-களின் எண்ணிக்கையைச் சேருங்கள். எண்ணிக்கைக்கு ‘கவுண்டிஃப்’ (COUNTIF) சூத்திரம். தரவரிசையை இந்தப் பத்தியில் போட்டால் சமநிலை பெரும்பாலும் உடையும். அதிலும் உடையாவிட்டால் 10-களை எண்ணுங்கள். 1991-ல் ஸ்வீடனும் பிரான்ஸும் 146-ல் நின்றபோது 12-கள் கூடச் சமமாக இருந்தன. 10-கள் அதிகம் என்பதால்தான் ஸ்வீடன் ஜெயித்தது.

பின்சேர்ப்பு 3

‘ஜெயித்த நாடு ரொம்பச் சின்னது, அடுத்த போட்டியை எங்கே நடத்த?’ இதற்குப் பயப்படவே வேண்டாம். 1972, 1973 இரண்டிலும் ஜெயித்த லக்சம்பர்க், மறுபடி நடத்த முடியாது என்று ஒதுங்கியதால்தான் 1974 போட்டி பிரிட்டனின் பிரைட்டனுக்குப் போனது. 1993-ல் அயர்லாந்து அதை மில்ஸ்ட்ரீட் என்ற சின்ன ஊரில், குதிரைப் போட்டிகள் நடக்கும் அரங்கத்தில் வைத்தது. என் உலகத்தில் ஓர்மா ஜெயித்தபோது பெரிய கட்டடம் என்று அங்கே இருந்தது ஒரு உப்புக் கிடங்குதான். அங்கேயே நடத்தினேன். ஈரக் காற்றில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் சுதி இறங்கிவிட்டன, மேளக்காரர்களை அனுப்பிய தஸ்கூர் ஜெயித்தது.