காதில் இரைச்சல்: காரணம் அறிவதும் சமாளிப்பதும்

விளக்கை அணைத்துப் படுத்தவுடன் காதுக்குள் 'ஙொய்' என்று ஒலி எழுகிறது. எழுந்து மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாலும் அது நிற்பதில்லை. வெளியே ஒலி ஏதுமின்றிக் கேட்கும் இந்த இரைச்சல் தனி நோயன்று, வேறொன்றின் அறிகுறி. ஆகவே மருந்தைத் தேடுமுன், அது எப்படிப்பட்ட ஒலி என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காதில் மட்டுமா, இரண்டிலுமா? ஓயாமல் கேட்கிறதா, விட்டு விட்டா? மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி கேளுங்கள். நாடியோடு சேர்ந்து ஒலியும் துடித்தால் காதருகே ஓடும் இரத்தக் குழாய்கள், இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். வாயைத் திறந்து மூடும்போது ஒலி மாறினால் தாடை மூட்டிலோ அதைச் சுற்றிய தசைகளிலோ கோளாறு இருக்கலாம்.

பெரும்பாலும் இரைச்சலுக்குப் பின்னால் இருப்பது செவித்திறன் குறைவே. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்புக்குள் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. முதுமையாலோ பேரொலியாலோ அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒலியை உணரும் அந்த அணுக்களிலிருந்து வரவேண்டிய சைகை குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்றும் மருத்துவர்கள் விளக்குகின்றனர். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கான வரம்பு. 88 டெசிபலானால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

எளிதில் தீரும் காரணம் காதுக் குறும்பி. அதைப் பட்ஸால் குடைவது உள்ளே தள்ளி இறுக்குவதற்கே உதவும். செவிப்பறையில் துளை இருக்கக்கூடுமாதலால், பரிசோதிக்காமல் எண்ணெய் ஊற்றுவதும் தவறு. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து, ஃபுரோசமைடு என்னும் சிறுநீர் பெருக்கி போன்ற மருந்துகளாலும் இரைச்சல் வரலாம். அதற்காக அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரைச்சலோடு ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையைத் தொடங்குவதில் ஒவ்வொரு நாள் தாமதமும் கேட்கும் திறனைக் காக்கும் வாய்ப்பைக் குறைக்கும். சளி அடைப்பென்று காத்திருந்து காலத்தைக் கடத்துவோர் பலர். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலுக்கு, அரிதாக வரும் செவி நரம்புக் கட்டி இல்லையென்று உறுதிசெய்ய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம்.

நாட்பட்ட இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இதுவரை இல்லை. அப்படி விளம்பரம் செய்யப்படுபவற்றை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியே பலவேளைகளில் இரைச்சலையும் தணிக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஒலியை அகற்றாது என்றாலும், இரைச்சல் தரும் மன உளைச்சலைக் குறைப்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. தூங்கும் அறையில் மழை ஒலியையோ மின்விசிறியையோ மெல்லிதாக ஓடவிடலாம். இரைச்சல் முழுதும் மறையும்படி அதை உரக்க வைக்காமல், இரண்டும் கலந்து கேட்கும் அளவில் வைத்தால் மூளை பழகிக்கொள்ள எளிதாகும். இரைச்சலுக்கு அஞ்சி நாள் முழுதும் காதில் பஞ்சடைத்துக்கொண்டால், வெளியோசை குறைந்து உள்ளோசைதான் மேலோங்கும்.