மறுசேர்க்கையைத் தடுக்கும் குறியீடு: அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மேல்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி விடுபடுபவருக்கு டிடி 214 என்ற ஆவணம் வழங்கப்படுகிறது. அதன் 24ஆம் கட்டத்தில் பணியின் தன்மையும், 26இல் எந்த வகையில் பணியிலிருந்து பிரிந்தார் என்பதைக் காட்டும் பிரிவுக் குறியீடும், 28இல் விடுவிப்புக்கான காரணமும் இருக்கும். இவற்றுக்கு நடுவே 27ஆம் கட்டத்தில் இருப்பதுதான் மறுசேர்க்கைக் குறியீடு. தரைப்படையில் ஆர்இ 1 என்றால் தடையில்லை; ஆர்இ 3 என்றால் தடை உண்டு, ஆனால் விலக்கு கோரலாம்; ஆர்இ 4 என்றால் விலக்குக்கும் இடமில்லை. கடற்படையும் மரைன் படையும் விமானப்படையும் தத்தமக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருப்பதால், ஒரு படையின் எண்ணுக்கு உள்ள பொருளை இன்னொரு படையின் எண்ணுக்கு ஏற்றிப் பார்க்கக் கூடாது.

பலர் இந்தக் கட்டத்தைப் பார்க்காமலேயே விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். டிடி 214க்குச் சுருக்கப் பிரதி ஒன்றும் முழுப் பிரதி ஒன்றும் உண்டு. சுருக்கப் பிரதியில் 23 முதல் 30 வரையிலான கட்டங்கள் இருப்பதில்லை. ‘மெம்பர் 4’ என்று குறிக்கப்பட்ட முழுப் பிரதியையும் முழுப் பணிக் கோப்பையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கோப்பு கையில் இல்லையென்றால், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக நான் கருதுவது ஒன்றுதான்: பிழையான குறியீட்டையும் பாதகமான குறியீட்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது. குறியீடு விதிப்படி சரியாக இடப்பட்டு, இன்று அது வழியை அடைக்கிறது என்பது மட்டுமே குறையென்றால், அதற்கான வழி மேல்முறையீடு அல்ல, விலக்குக் கோரிக்கை. அதை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மீண்டும் சேர விரும்புகிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குறியீட்டை மாற்றுவதில்லை என்பதைத் தரைப்படையின் பதிவுத் திருத்த வாரியம் தன் தீர்ப்புகளில் மீண்டும் மீண்டும் சொல்லி வந்திருக்கிறது. “நான் திருந்திவிட்டேன், நாட்டுக்கு மீண்டும் உழைக்க வேண்டும்” என்று உள்ளம் உருக எழுதப்படும் விண்ணப்பங்கள் இங்கேதான் தோற்கின்றன. அந்த விருப்பம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் பதிவில் பிழை இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

விலக்கு விஷயத்தில், ஓர் ஆள்சேர்ப்பு அலுவலர் வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பை இறுதி முடிவாக எடுத்துக்கொள்வதும் தவறே. விலக்குக் கோப்பைத் தயாரிப்பது அவருக்குக் கூடுதல் வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆள்தேவைக்கு ஏற்ப விலக்குக் கொள்கையும் அவ்வப்போது மாறுகிறது. ஆகவே இன்னோர் அலுவலகத்தில் கேட்பதிலும், சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்பதிலும் பிழையில்லை.

அடுத்தது, தவறான வாரியத்தின் கதவைத் தட்டுவது. பணிவிடுவிப்பு மறுஆய்வு வாரியம் என்பது ஒன்று. அதற்கு டிடி 293 படிவம், விடுபட்ட நாளிலிருந்து 15 ஆண்டுக் கெடு. பதிவுத் திருத்த வாரியம் என்பது வேறு. அதற்கு டிடி 149 படிவம், பிழையைக் கண்டறிந்ததிலிருந்து 3 ஆண்டுக் கெடு. முதலாவது, விடுவிப்பின் தன்மையையும் காரணத்தையும் ஆராய்வதற்காக அமைந்தது. கடற்படையின் மறுஆய்வு வாரியம், மறுசேர்க்கைக் குறியீட்டை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ‘பொது’ என்றிருந்த விடுவிப்பு ‘கௌரவமானது’ என்று உயர்ந்துவிட்டால் குறியீடும் தானாக மாறிவிடும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் ஏமாற்றம் சிறிதல்ல. ஆறு மாதம் கழிந்தால் விடுவிப்பின் தன்மை தானே உயர்ந்துவிடும் என்ற பேச்சும் இன்னும் உலவுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. அதே வேளையில், காரணத்தையும் தன்மையையும் எதிர்ப்பவர் 15 ஆண்டுக்குள் இருந்தால், மறுஆய்வு வாரியத்தைத் தாண்டி நேராகப் பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போகும் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படலாம். எனவே இரண்டின் வரிசையையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தரைப்படையினர் பலர் கவனிக்கத் தவறுவது, குறியீடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை. அங்கே பெரும்பாலும் பிரிவுக் குறியீட்டுக்கு இன்ன மறுசேர்க்கைக் குறியீடு என்று ஒரு பொருத்த அட்டவணையே உண்டு. விடுபட்ட காலத்து அட்டவணையோடு தம் எண் ஒத்துப்போகவில்லை என்று காட்ட முடிந்தால் அது எழுத்தர் பிழை. வழக்குகளில் இதைவிட எளிதானது இல்லை. ஒத்துப்போகிறது என்றால், எண்ணோடு மட்டும் மல்லுக்கு நிற்பது வீண். அதைப் பிறப்பித்த காரணத்தைத்தான் எதிர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தொடர் ஒழுங்கீனம் என்ற காரணத்துக்கு ஜேகேஏ என்ற பிரிவுக் குறியீடு இடப்படும். அத்தகைய விடுவிப்புக்கு முன் வீரருக்கு எழுத்துமூலம் அறிவுரை கூறித் திருந்த வாய்ப்புத் தர வேண்டும் என்று தரைப்படை விதி 635-200 சொல்கிறது. கோப்பைத் திறந்து டிஏ 4856 என்ற அறிவுரைப் படிவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: அவை இருக்கின்றனவா, எந்தத் தேதியிட்டவை, வீரரின் கையெழுத்து உண்டா, முதல் அறிவுரைக்கும் விடுவிப்பு அறிவிப்புக்கும் இடையே திருந்துவதற்கு நாட்கள் இருந்தனவா? மேலதிகாரி தன்னை வெறுத்தார் என்று எழுதும் நான்கு பக்கங்களைவிட, ஒரே வாரத்தில் தேதியிடப்பட்ட மூன்று படிவங்களைச் சுட்டும் ஒரு பத்தி வலிமையானது. அலுவலர்கள் தம் கடமையை முறைப்படி செய்தார்கள் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பதாரரைச் சேர்ந்தது. வாரியம் புலனாய்வு செய்யாது, சாட்சிகளைத் தேடிப் போகாது.

3 ஆண்டு கடந்துவிட்டதே என்று கைவிடுவதும் தவறு. கடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அனுப்புவதும் தவறு. நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகவே படிவத்தில் இடமும் விடப்பட்டிருக்கிறது.

மனநலக் காரணத்தை முன்வைப்போர் மிகுந்த கவனத்தோடு நடக்க வேண்டும். போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் உள்ளவர்களின் விண்ணப்பங்களைத் தாராள நோக்கோடு அணுகுமாறு 2014இல் அன்றைய பாதுகாப்புத் துறைச் செயலர் ஹேகலும், அதை விரித்து 2017இல் அத்துறையின் உயரதிகாரி குர்ட்டாவும் வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டனர். அவற்றால் பலருக்கு நியாயம் கிடைத்திருக்கிறது. ஆனால் மீண்டும் சேர விரும்புபவருக்கு இதில் ஒரு முரண் காத்திருக்கிறது: ஒழுங்கீனத்துக்கு நோயே காரணம் என்று எவ்வளவு உறுதியாக நிறுவுகிறாரோ, அவ்வளவு உறுதியாக அந்த நோய் மருத்துவத் தகுதித் தேர்வில் அவருக்கு எதிராக நிற்கும். சிகிச்சை எப்போது முடிந்தது, இன்றைய நிலை என்ன என்பதற்கான மருத்துவச் சான்றையும் சேர்க்காவிட்டால், வாரியத்தில் வென்றும் வாசலில் தடுக்கப்படலாம். மரியாதையும் சலுகைகளும் மீள வேண்டுமா, சீருடையே மீள வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்வது நல்லது.

பதிவுத் திருத்த வாரியம் நிபுணர் கருத்து ஏதேனும் பெற்றால் அதன் பிரதி விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படும். மறுமொழி தரக் கால அவகாசமும் குறிக்கப்பட்டிருக்கும். முகவரி மாறியதால் அந்தக் கடிதத்தைத் தவறவிட்டவர்களும், சட்ட மொழியைக் கண்டு மலைத்துப் பதிலே எழுதாமல் விட்டவர்களும் உண்டு. பாதகமான கருத்துக்குப் பதில் வராவிட்டால் வாரியம் அதையே ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் நடப்பதே. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகள் இத்தகைய பணிகளில் கட்டணமின்றி உதவுகின்றன. பெயர் நீக்கப்பட்ட பழைய தீர்ப்புகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தம் காரணத்தை ஒத்த பத்துத் தீர்ப்புகளைப் படித்தவர் எழுதும் விண்ணப்பம் முதல் பத்தியிலேயே வேறுபட்டுத் தெரியும். நிராகரிக்கப்பட்டபின் அதே தாள்களைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. முன்பு வாரியத்தின் முன் வைக்கப்படாத புதிய சான்று இருந்தால் மட்டுமே மறுபரிசீலனை நடக்கும்.

குடியேறியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டம், குடியுரிமை இல்லாதவர்களை மொழியறிவுக்காகப் படையில் சேர்த்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அத்திட்டத்தில் வந்த பலர் பயிற்சிக்கு முன்பே ‘தன்மை குறிக்கப்படாத’ விடுவிப்புப் பெற்றனர். தொடக்கக் காலத்தில் விடுபடும் எவருக்கும் இது நேரலாம். இழிவான சொல் எதுவும் இல்லாததால் தடையும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அத்தகைய விடுவிப்பிலும் ஆர்இ 3 இருக்கக்கூடும்.

சலிப்புற்றுப் பழைய பணியையே மறைத்து வேறொரு படையில் சேர முயல்வது எல்லாவற்றிலும் கொடிய தவறு. மறைத்துச் சேர்வது ராணுவச் சட்டப்படி குற்றம். அது வெளிப்பட்டால், விலக்குக்கு இடமிருந்த ஆர்இ 3காரரும் ஆர்இ 4 நிலைக்குப் போய்விடலாம்.

வாரியம் இசைந்தால் திருத்தப்பட்ட டிடி 214 அல்லது டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். வந்தவுடன் 24 முதல் 28 வரையிலான கட்டங்களை ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் மாறி, 26ஆம் கட்டத்தில் பழைய பிரிவுக் குறியீடே தங்கிவிட்டால், ஆள்சேர்ப்பு அலுவலகம் கோப்பை அங்கேயே நிறுத்திவிடக்கூடும். அந்தப் பொருத்தமின்மையை ஆணையின் பிரதியோடு உடனே எழுதித் தெரிவித்துச் சரிசெய்துகொண்ட பிறகே சேர்க்கை விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும்.