மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான சட்ட ஃபெலோஷிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலேயே இப்போது அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்த கையோடு மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஃபெலோஷிப்புக்கு, அதாவது உதவித்தொகை பெற்று ஓரிரு ஆண்டு இந்தத் துறையில் பணியாற்றும் வாய்ப்புக்கு, விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அவர்கள் எழுதிவரும் விண்ணப்பங்களில் பாதி, முதல் பத்தியிலேயே வழி தவறிவிடுகின்றன. "சிறு வயதிலிருந்தே இவர்களைக் கண்டால் என் மனம் உருகும்" என்று தொடங்குகிறார்கள். மனம் உருகுவதற்கு யாரும் உதவித்தொகை தருவதில்லை. யாருடைய எந்த உரிமை, எந்த இடத்தில் மறுக்கப்படுகிறது, அதற்குச் சட்டத்தில் என்ன வழி என்பதுதான் தேர்வுக் குழுவின் கேள்வி. குழுவில் இருப்பவரே பார்வையற்ற வழக்கறிஞராக இருக்கலாம். உங்கள் இரக்கத்தைப் படித்து அவர் மகிழப்போவதில்லை.

"சிவகங்கை மாவட்டத்தில் விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்பதும் அப்படித்தான்; அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நம் ஊரிலேயே கண்முன் நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குப் பல பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மலேசியாவில். வீட்டை விற்பதென்று முடிவானால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். பங்காளிகளில் ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருந்தால், "அவனுக்கு என்ன தெரியும், அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கிவிடுகிறார்கள். பங்கு எங்கே போனது என்று பிறகு கேட்பாரில்லை.

இங்கே இளம் வழக்கறிஞர் செய்யும் பெரிய தவறு, அந்த அண்ணனிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 13இல், சொத்தை வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மற்றவர்களுக்குள்ள அதே உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. முடிவெடுக்க அவர்களுக்குத் துணைநிற்பவருக்கே ஒரு சொத்துப் பரிவர்த்தனையில் நலன் முரண்பட்டால், அந்தப் பரிவர்த்தனையில் அவர் விலகி நிற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உடன்பிறந்தவர் என்பதாலேயே முரண்பாடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அண்ணனைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. "ஐயா, நீங்கள் கொஞ்சம் வளவுப் பக்கம் இருங்கள், உங்கள் தம்பியிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்" என்று கேட்டால் போதும். பிறகு திண்ணையில் அவர் அருகில் உட்கார்ந்து, வீடு விற்கப்படுவது அவருக்குத் தெரியுமா, பணத்தில் தனக்கு என்ன வேண்டும் என்கிறார், இனி எங்கே தங்க விரும்புகிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். அன்றைக்கே பதில் வராமல் போகலாம். திரும்பப் போங்கள்.

இன்னொரு அவசரம், எடுத்ததும் பாதுகாவலர் நியமனத்துக்கு மனு எழுதுவது. அதே 2016 சட்டத்தின் பிரிவு 14 சொல்லும் பாதுகாவலர் ஏற்பாடு குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் உட்பட்டது. அந்த நபரின் விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். அப்படி நியமிக்கப்பட்டவர், தம் பொறுப்பில் வந்த அசையாச் சொத்தின் பட்டியலை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பாதுகாவலர் உள்ள குடும்பம் உங்களிடம் வந்தால், முதலில் கேட்க வேண்டிய காகிதம் அந்தப் பட்டியல்தான்.

அடுத்தது 40 சதவீதக் குழப்பம். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தாம். புதிய சட்டத்தில் 21. வேலைவாய்ப்பில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்ற இட ஒதுக்கீடுகளுக்கு, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்ற சான்று தேவை. எல்லா உரிமைக்கும் அதுவே வாசற்படி என்று நினைத்துக்கொண்டு, சான்று இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள விகாஷ் குமாருக்குக் குடிமைப் பணித் தேர்வில் பதிலி எழுத்தர் (அவர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) மறுக்கப்பட்ட வழக்கில், அந்த 40 சதவீத வரம்பை எட்டாதவருக்கும் அந்த வசதி உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் துறையில் கால் வைப்பவர் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்திருக்க வேண்டும். நீங்களே மாற்றுத்திறனாளி என்றால், நேர்காணலுக்கும் பணிக்கும் வேண்டிய வசதியை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று மறைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

எதற்கெடுத்தாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை என்று திட்டம் எழுதுவதும் சரியல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பஸ்ஸில் மதுரை போய்வருவதே பெரும்பாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பலாம். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணமே பின்னால் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அடிப்படையாகும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. இதைச் சொல்லித்தராமல் ஒரு கிராமத்தை விட்டு வராதீர்கள்.

சின்ன விஷயம்போலத் தோன்றும் ஒன்று: தமிழ் ஆவணங்களைப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பினால், திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளான திரை வாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். ஸ்கேன் செய்த படமாக அனுப்பினால் ஒன்றையுமே வாசிக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். உங்கள் கட்சிக்காரருக்குக் கொடுக்கும் மனுவின் நகலும் அப்படியே இருக்கட்டும்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தையும் பாருங்கள். முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி 49. உங்களுக்கு வரும் தொகை சம்பளமா, உதவித்தொகையா என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபெலோஷிப் ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும், பாகப்பிரிவினை வழக்கு முடியாது. ஆகவே ஒவ்வொரு வக்காலத்திலும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் பெயரை முதல் நாளே சேர்த்துவிட்டு, அவரைக் கட்சிக்காரரின் வீட்டுக்கு ஒருமுறையாவது நேரில் அழைத்துப் போய்வாருங்கள்.