டார்ட்மூர் நெடுநடை: வழிகாட்டியுடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் உள்ள டார்ட்மூர், 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மேட்டுநிலம். போஸ்ட்பிரிட்ஜ் கிராமத்தில் தொடங்கி, பெல்லவர் காட்டைக் கடந்து, பெல்லவர் டோர் என்னும் 443 மீட்டர் உயரப் பாறை முகட்டில் ஏறி, பழைய வெடிமருந்து ஆலையையும் பார்த்துத் திரும்பும் நடை, திறந்த வெளியையும் காட்டையும் வரலாற்றுச் சின்னங்களையும் ஒரே நாளில் காட்டிவிடும். இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, வழிகாட்டி உடன் வருகிறாரே என்ற தெம்பில் நேர்பவை.

முதல் தவறு, தொலைவை மட்டும் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவது. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் வகுத்த கணக்கின்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், அதற்குமேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரமும் சேர்க்க வேண்டும். 16 கிலோமீட்டர் தொலைவும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள நடைக்கு இது நான்கு மணி நேரத்தைத் தொடும். ஆனால் ஓய்வும், சின்னங்களின் அருகே நின்று கேட்கும் விளக்கமும், ஈர நிலத்தில் குறையும் வேகமும் இக்கணக்கில் இல்லை. ஏழு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வதே நல்லது. டிசம்பரில் மாலை நான்கு மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும் என்பதால், தலைவிளக்கு இல்லாமல் புறப்படக் கூடாது.

ஜீன்ஸ் அணிந்து வருவது அடுத்த தவறு. நனைந்த பருத்தித் துணி எளிதில் உலராது. மேட்டுக் காற்றில் உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோடைக்காலம்தானே என்று மழைச் சட்டையை விட்டுவிட்டு வருவதும் இதே வகைதான்.

திறந்த வெளியில் பளிச்சென்ற பச்சைத் திட்டு தெரிந்தால், அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் பாசிப் பரப்பு. நல்ல புல்தரை என்று நினைத்துப் புகைப்படம் எடுக்க விலகிச் செல்பவரின் கால் முழங்கால்வரை இறங்கிவிடக்கூடும். மூடுபனி கவிந்து, முன்னால் செல்பவர் கண்ணில் படாவிட்டால், ஓடிப் பிடிக்க முயலாமல் நின்ற இடத்திலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். வரைபடமும் திசைகாட்டியும் வழிகாட்டியின் பையில் மட்டும் இருப்பதும் சரியன்று. அவருக்கே கால் பிசகினால் குழு என்ன செய்யும்?

குழுவில் அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. முன்னால் செல்பவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் வந்து சேர்ந்தவுடன் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கு அது கிடைப்பதேயில்லை.

பெல்லவர் காடு பழங்காடன்று. இருபதாம் நூற்றாண்டில் மரத்துக்காக நடப்பட்ட ஊசியிலைத் தோட்டம். எனவே மரவரிசைகளுக்கு நடுவே குறுக்குவழி தேடினால், மறைந்து கிடக்கும் வடிகால்களிலும் சாய்ந்த மரங்களிலும் சிக்க நேரும். வெட்டி அடுக்கிய தடிகளின்மேல் உட்காரவே கூடாது, அவை உருளும்.

வரலாற்றுச் சின்னங்களிடம் செய்யும் தவறு பெரும்பாலும் அறியாமையால் நேர்வது. போஸ்ட்பிரிட்ஜில் கிழக்கு டார்ட் ஆற்றின்மேல் உள்ள இடைக்காலக் கற்பலகைப் பாலம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நான்கு மீட்டருக்கும் நீளமான கிரானைட் பலகைகள் அதன் பெருமை. ஆனால் காட்டுக்குள் இருக்கும் கிராப்ஸ் ரிங் என்னும் வெண்கலக் காலக் குடியிருப்பில், வட்ட வீடுகளின் அடித்தளங்கள் பெரணிச் செடிகளுக்கிடையே தாழ்ந்த கல்வரிசைகளாகத்தான் எஞ்சியிருக்கின்றன. அதை வெறும் கற்குவியல் என்று எண்ணி, கல்லைப் புரட்டி இருக்கையாக்குவோரும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழகு பார்ப்போரும் உண்டு. ஒரு கல் எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதே தொல்லியலாளருக்குச் சான்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். 1844 முதல் 1897 வரை இயங்கிய வெடிமருந்து ஆலையின் கூரையற்ற சுவர்களில் ஏறுவது சின்னத்துக்கும் கேடு, ஏறுபவருக்கும் கேடு.

டார்ட்மூர் மட்டக்குதிரைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பழகிவிட்டால் அவை சாலையோரம் வந்து நின்று வண்டியில் அடிபடும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும். லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணிகள் பெரணிப் புதர்களில் இருப்பதால், அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களைப் பார்த்து, ஒட்டியிருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது.