குடியுரிமைப் பாரத்தில் தொழில் கட்டத்தை நிரப்புவது எப்படி

நான் கல்யாணமாகி காரைக்குடியிலிருந்து பினாங்கு ஜெலுத்தோங்கிற்கு வந்தவள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். சிவப்பு ஐசி (மலேசிய நிரந்தரவாசி அட்டை) கிடைத்த பிறகு குடியுரிமைக்கு மனுப்போட உட்கார்ந்தபோது, 'பெக்கெர்ஜாஆன்', அதாவது தொழில் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. காசு வாங்கிக்கொண்டு பாரம் நிரப்பித் தருபவர் ஒருவர், "சூரி ரூமான்னு போட்டுடலாம்க்கா, கேள்வியே வராது" என்று எழுதியே விட்டார். இல்லத்தரசி என்று அர்த்தம். ஆனால் என் பெயரில் வியாபாரப் பதிவு இருக்கிறது, பேங்க் கணக்கில் மாதாமாதம் தையல் காசு விழுகிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு பாரம் வாங்கி நானே எழுதினேன்.

வேலை இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். மலேசியரை மணந்த பெண்களுக்கான அரசியலமைப்புப் பிரிவு 15(1), முந்தைய 2 ஆண்டு இங்கே வசித்ததையும் நன்னடத்தையையும் பார்க்கிறது. மற்றவர்கள் போடும் பிரிவு 19, 12 ஆண்டில் மொத்தம் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாயும் கேட்கிறது. இரண்டிலுமே சம்பள வேலை இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் பொய் சொல்லியோ முக்கியமான விஷயத்தை மறைத்தோ வாங்கிய குடியுரிமையைப் பிரிவு 26-இன்கீழ் பறிக்கலாம். அதனால் உள்ளதை எழுதுங்கள், எழுதியதற்குத் தாள் வைத்திருங்கள்.

கம்பெனி வேலை என்றால் சம்பளச் சிலிப், இஏ பாரம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கை, முதலாளியின் கடிதம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பிறை தொழிற்பேட்டையில் ஏஜென்ட் மூலம் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் நிற்பது ஒரு ஃபேக்டரியில், சிலிப்பில் இருப்பது ஏஜென்ட் பெயர். முதலாளி என்ற இடத்தில் சிலிப்பில் உள்ள பெயரையே எழுதுங்கள், வேலை செய்யும் இடத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

என்னைப்போல் சொந்தத் தொழில் செய்பவர்கள் 'பெக்கெர்ஜா சென்டிரி' (சுயதொழில்) என்று போடலாம். சிவப்பு ஐசி உள்ளவர்களும் எஸ்எஸ்எம் என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தில் வியாபாரம் பதியலாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. வருமான வரிக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். நான் அளவு நோட்டையும் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கத்திலும் தோள், கை, கழுத்து அளவு, தேதி, வாங்கிய காசு எல்லாம் இருக்கும். சில பக்கங்களில் சுண்ணக்கட்டித் தூள்கூட ஒட்டியிருக்கும். கேட்டால் காட்டலாம் என்றுதான் எடுத்துப்போனேன்.

உண்மையிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்பவர் 'சூரி ரூமா' என்று தாராளமாகப் போடலாம், கூடவே கணவரின் சம்பளத் தாளை வையுங்கள். வேலை போனவர்கள் நின்ற தேதியை எழுதி, இப்போது குடும்பச் செலவை யார் பார்க்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கணவரின் பேரில் வரும் சமூக வருகை பாஸில் (தங்கும் அனுமதியில்) இருந்த காலத்தில் வேலைக்குப் போயிருந்தால், பாஸ்போர்ட்டில் வேலை அனுமதி குத்திய பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் வாய்மொழி நேர்காணல். "கெர்ஜா அபா?" (என்ன வேலை?) என்று கேட்டால் தாளில் உள்ளதே வாயிலும் வர வேண்டும். "சாயா ஜாஹிட் பாஜு டி ரூமா" (நான் வீட்டில் துணி தைக்கிறேன்) என்று மகனோடு சாப்பாட்டு மேசையில் பல நாள் சொல்லிப் பழகினேன். மாத வருமானத்தையும் மலாயில் சொல்லப் பழகுங்கள், எண்களில்தான் நாக்கு தடுமாறும்.

பாரத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். நடுவில் வேலை மாறினால், பழைய நகலைப் பார்த்து, எந்தத் தேதியில் என்ன மாறியது என்று மனுவை வாங்கிய பதிவிலாகாவுக்குக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள்.