வேரைப் பார்த்து மரம் வாங்குங்கள்

நர்சரிக்குள் நுழைந்ததும் கண் பூவின் மேலும் காயின் மேலும்தான் போகும். முழங்கால் உயரக் கன்றில் இரண்டு மாங்காய் தொங்கினால் போதும், கை தானாகப் பணப்பைக்குப் போய்விடும். ஆனால் அந்தக் கன்று முப்பது வருடம் நிற்குமா, மூன்றாம் வருடக் காற்றில் சாயுமா, காம்பவுண்டு சுவரைப் பிளக்குமா என்பது பைக்குள் மறைந்திருக்கும் வேரில் இருக்கிறது. அழகு மரம், பழ மரம், தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மூன்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

நர்சரிக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்து, மரம் வைக்கப்போகும் இடத்திலிருந்து வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதுளை, எலுமிச்சை, பவளமல்லி போன்ற சிறு மரங்களுக்குச் சுவரிலிருந்து 6 அடி போதும். கொய்யா, மகிழம், சரக்கொன்றை, அடிக்கடி கவாத்து செய்யும் (கிளை வெட்டிவிடும்) ஒட்டு மா ஆகியவற்றுக்கு 10 முதல் 12 அடி வேண்டும். வேம்பு, நாவல், பலாவுக்கு 20 அடி விடுங்கள். ஆல், அரசு, அத்தி மூன்றையும் வீட்டு மனையில் தரையில் வைக்கவே வேண்டாம். ஆசை இருந்தால் போன்சாய் தட்டில் வையுங்கள்.

வேர் நல்ல கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. ஏற்கெனவே இருக்கும் மயிரிழை விரிசலில் ஈரம் கசிந்தால் அதைத் தேடி உள்ளே போகும். பிறகு பருக்கும்போது விரிசலை அகலமாக்கும். அதனால் செப்டிக் டேங்கிலோ குழாயிலோ கசிவு இருந்தால் அதை அடைத்த பிறகு மரம் வையுங்கள். கரிசல் மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு: கோடையில் மரம் ஈரத்தை இழுக்க, மண் சுருங்கி அஸ்திவாரமே இறங்கும். அங்கே மேலே சொன்ன தூரத்தை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வடிகால். ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் குழி எடுத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் எலுமிச்சை, பப்பாளி, மாதுளை மூன்றும் அங்கே வேர் அழுகிச் சாகும். மண்ணை ஒன்றரை அடி மேடாக்கி நடலாம், அல்லது ஈரம் தாங்கும் கொய்யாவுக்குப் போகலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சப்போட்டாவும் தென்னையும் தாங்கும். மாவின் இலை நுனி கருகும், எலுமிச்சை தேறாது.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். சிமென்ட் கட்டியும் சுண்ணாம்பும் புதைந்திருந்தால் மண் காரமாகி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக நிற்க இடையில் மஞ்சளாகும் இளம் இலைதான் அடையாளம். எத்தனை உரம் போட்டாலும் அது சரியாகாது. குழி அளவுக்கு அந்த மண்ணை அள்ளி வெளியே போட்டு நல்ல செம்மண் நிரப்புவதுதான் வழி.

நர்சரியில் பார்க்க வேண்டியது

பையைத் தூக்கிப் பாருங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், ஆணிவேர் பையைத் துளைத்து நிலத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பிடுங்கித் தரும்போது அந்த வேர் அறுந்துவிடும். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே கன்று வாடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். தண்ணீர் போதவில்லை என்று நாம் மேலும் ஊற்றி அழுகவும் விட்டுவிடுவோம்.

அடுத்து மேல் மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்குங்கள். தண்டிலிருந்து வேர்கள் நாலாபக்கமும் பிரிந்து போக வேண்டும். பென்சில் தடிமனில் ஒரு வேர் தண்டைச் சுற்றிக் கயிறுபோல் வளைந்திருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள். தரையில் நட்ட பிறகும் அந்த வளையம் நேராகாது. தண்டு பருக்கப் பருக்க வேர் அதை நெரிக்கும். ஏழெட்டு வருடம் நன்றாக வளர்ந்த மரம் காரணமே தெரியாமல் காய்வதும், காற்றில் அடியோடு சாய்வதும் இப்படித்தான். பெரிய கன்றாக இருக்கிறதே என்று சின்னப் பையில் ஐந்தடி உயரம் நிற்கும் செடியை வாங்காதீர்கள். இரண்டரை அடி உயரமும் விரல் தடிமனும் உள்ள ஒரு வருடக் கன்று நான்கே வருடத்தில் அதை முந்திவிடும்.

பிறகு இலை. எலுமிச்சை இலையில் மஞ்சள் வளையத்துக்குள் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி இருந்தால் அது சொறி நோய். வாங்கினால் நோயையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் மாவுப்பூச்சியோ அசுவினியோ மேலே இருக்கிறது.

அழகு மரங்கள்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவெங்கும் விழுந்து கிடந்தவற்றில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் ஏராளம். சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரங்கள்தான், ஆனால் கட்டை முறியும், வேர் மேலாகவே ஓடும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசிவிட்டால் அந்தக் கொஞ்சப் பிடிப்பும் போய்விடும். கடலோர ஊர்களில் வீட்டை ஒட்டி இவற்றை வைக்காதீர்கள். புன்னை, பூவரசு, மகிழம் மூன்றும் உப்புக் காற்றையும் தாங்கும். மகிழம் மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். ஆனால் வருடம் முழுக்க இலை அடர்ந்திருக்கும், உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும். வீட்டு முகப்புக்கு அதைவிட நல்ல மரத்தைச் சொல்வது கடினம்.

இடம் குறைவு என்றால் பவளமல்லியைக் கவாத்து செய்து வளர்க்கலாம். பாதி நாள் வெயிலே அதற்குப் போதும். சரக்கொன்றை சித்திரையில் பூக்கும்போது கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அதற்கு முன் இலை முழுக்க உதிரும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயின் வாய்க்கு வலை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இலை அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கும். நாகலிங்கத்தின் காய் பீரங்கிக் குண்டுபோல் கனத்து விழும், ஆட்கள் நடமாடும் இடத்தில் வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் மஞ்சள் அரளியும் வேண்டாம். அதன் விதை உயிரைக் கொல்லும். வேலிக்கு அடர்த்தியாக நிற்கும் என்று கோனோகார்பஸ் விற்பார்கள். அது குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் அரசே தடை போட்ட மரம்.

பழ மரம்: எப்படிப் பிறந்த கன்று?

பழக் கன்று வாங்கும்போது ரகத்தின் பெயருக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது விதைக் கன்றா, பதியனா (கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்தது), ஒட்டா (வேறொரு கன்றின் வேர்ப்பகுதியோடு கிளையை இணைத்தது) என்பது. மா விதைக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும், பழமும் தாய்மரம்போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டு மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும். எலுமிச்சை இதற்கு விலக்கு: விதைக் கன்றும் பெரும்பாலும் தாயைப் போலவே காய்க்கும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கொய்யா பெரும்பாலும் பதியனாக வரும். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது என்பதால் முதல் இரண்டு வருடம் முட்டுக் கம்பு கட்டாயம்.

ஒட்டுக் கன்றில் ஒட்டு மண்ணிலிருந்து அரை அடிக்கு மேலேயாவது இருக்க வேண்டும். மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஏறக்குறைய ஒரே தடிமனில், இடையில் வெடிப்பில்லாமல் சேர்ந்திருக்க வேண்டும். ஒட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தண்டு அந்த இடத்தில் இடுங்கி ஒரு நாள் ஒடியும்.

சப்போட்டாவில் ஒரு ஏமாற்றம் அடிக்கடி நடக்கும். சப்போட்டாவைப் பாலை மரத்தின் வேர்க்கன்றில் ஒட்டுவார்கள். மேலே ஒட்டிய பகுதி கருகிப்போனால் கீழிருந்து பாலை துளிர்த்து மரமாகிவிடும். வீட்டுக்காரர் சப்போட்டா என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: சப்போட்டா இலை நுனி கூராக முடியும், பாலை இலை நுனியில் கிள்ளி எடுத்ததுபோல் ஒரு சிறு பள்ளம் இருக்கும். எந்த ஒட்டு மரமானாலும் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அன்றன்றே கிள்ளிவிடுங்கள்.

ரகங்களில் வீட்டுக்கு ஏற்றவை சில. மாவில் இடம் குறைவு என்றால் தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலி, உயரம் போகாது. வருடா வருடம் தவறாமல் காய்க்க நீலம், பெங்களூரா. இமாம்பசந்த் சுவைக்கு ஈடில்லை, ஆனால் காய்ப்பு குறைவு, மரமும் பரவும். கொய்யாவில் லக்னோ 49, சப்போட்டாவிலும் எலுமிச்சையிலும் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 நம்பி வைக்கலாம். பெருநெல்லி ஒற்றை மரமாக இருந்தால் பூத்துக் குலுங்கும், காய் பிடிக்காது. தன் மகரந்தம் தனக்கு ஏற்காது. பி.எஸ்.ஆர். 1, என்.ஏ. 7 என இரண்டு ரகம் வையுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் வேறு ரகம் நிற்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இருந்தால்தான் காய்க்கும். மாடி நிழல் விழும் இடத்தில் வைத்த கொய்யா இலையை மட்டும்தான் தரும்.

நடவு

மாவுக்கும் சப்போட்டாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றடி, எலுமிச்சைக்கு இரண்டரை அடி, மாதுளைக்கு இரண்டடி, கொய்யாவுக்கு ஒன்றரை முதல் இரண்டடி. மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனியே குவித்து, குழியை 15 நாள் வெயில் காயவிடுங்கள். மேல் மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் கரையான் வரும், வேரும் வெந்துபோகும்.

பையைப் பக்கவாட்டில் கீறி உரித்து, மண் கட்டி உடையாமல் இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். ஒட்டு புதையவே கூடாது. தண்டிலிருந்து அரை அடி தள்ளிக் கம்பு நட்டு, எட்டுப் போன்ற முடிச்சில் துணிக் கயிறால் தளர்வாகக் கட்டுங்கள். முதல் மாதம் மழை இல்லாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர். கன்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் பாத்தியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அகலமாக்கிக்கொண்டே போங்கள், வேர் தண்ணீரைத் தேடி வெளியே பரவும். ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். மாவில் முதல் மூன்று வருடப் பூவைக் கிள்ளிவிட மனம் வராது. ஆனால் கிள்ளத்தான் வேண்டும்.

போன்சாய்

நம் சமவெளி வெயிலுக்கு மேப்பிள், பைன், ஜூனிபர் வேண்டாம். அவற்றுக்குக் குளிர்கால ஓய்வு தேவை. ஊட்டி, கொடைக்கானலில் வரும்; சென்னையிலும் மதுரையிலும் ஒரு கோடையைத் தாண்டுவதே அபூர்வம். நமக்கு ஆல், இச்சி (ஆல் இனத்துச் சிற்றிலை மரம்), அரசு, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, ஜேடு இருக்கின்றன. முதல் முறை வளர்ப்பவர் இச்சியில் தொடங்கலாம், தவறுகளை மன்னிக்கும். தட்டில் வளர்த்தால் இலை சிறுக்கும், பூவும் காயும் அந்த அளவுக்குச் சிறுக்காது. அதனால் இயல்பிலேயே சிறிய இலை, சிறிய காய் உள்ள மரமாகப் பாருங்கள்.

கடையில் கிழங்குபோல் பருத்த வேரோடு விற்கும் ஜின்செங் ஃபைகஸும் ஒட்டு மரம்தான். கீழ் வேரிலிருந்து பெரிய இலையோடு வரும் துளிரைக் கிள்ளாவிட்டால், மேலே உள்ள சிற்றிலைக் கொப்பு மெலிந்துவிடும். எதை வாங்கினாலும் அடிமரத்தில் வேர்கள் கோழிக்கால்போல் நாலாபக்கமும் விரிந்து மண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கிளையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம், கெட்ட அடியைத் திருத்த வருடக்கணக்காகும்.

நர்சரி இச்சியை நீங்களே தட்டுக்கு மாற்றுவதானால் மாசி, பங்குனியில் துளிர்விடும் சமயம் நல்லது, கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள். தட்டின் ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பார்வைக்குப் பொருந்தும். ஓட்டைகளுக்கு மேல் கொசுவலைத் துண்டு. கலவைக்கு 3 முதல் 5 மி.மீ. செங்கல் துணுக்கு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல் தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள். அந்தத் தூள்தான் இடைவெளியை அடைத்து வேரை மூச்சுத் திணற வைக்கிறது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், வெட்டிய அளவுக்குக் கொப்பையும் குறையுங்கள். மரத்தைத் தட்டோடு கம்பியால் கட்டிவிடுங்கள். ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் நிழல், பிறகு காலை வெயில்.

கிளையை வளைக்க அதன்மேல் அலுமினியக் கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்றுங்கள். நம் வெப்பத்தில் இச்சி இரண்டே மாதத்தில் பருத்துக் கம்பியை விழுங்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை பார்த்து, பட்டையில் பதியும் முன் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், சுற்றி உருவினால் கிளை ஒடியும்.

வரவேற்பறை மேசையில் வைத்த போன்சாய் மெல்ல மெல்லச் சாகும். இரண்டு நாள் உள்ளே வைத்தால் பத்து நாள் வெளியே வையுங்கள். தண்ணீருக்குக் கணக்கு நேரமல்ல, ஈரம். ஈர்க்குச்சி ஒன்றைத் தட்டின் ஓரத்தில் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கீழ்ப்பாதி நனைந்து நிறம் மாறியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து வந்தால் அடி ஓட்டை வழியே ஒழுகும்வரை ஊற்றுங்கள்.