மூட்டைப்பூச்சியின் சட்டையும் நண்டின் ஓடும்: வீட்டில் செய்து பார்க்கும் முறை

ஒரு கைலென்ஸ், டார்ச் விளக்கு, ஒட்டும் டேப், வெள்ளைத் தாள், வினிகர், சமையலில் மிஞ்சிய நண்டு ஓட்டுத் துண்டு, வெறும் நத்தை ஓடு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மெத்தையின் தையல் ஓரங்களிலும் கட்டில் சட்டங்கள் இணையும் இடுக்குகளிலும் டார்ச் அடித்துத் தேடுங்கள். மூட்டைப்பூச்சி குடியிருந்த இடமாயின், வெளிர்பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவக்கூடிய வெற்றுச் சட்டைகள் (பூச்சி உரித்துப்போட்ட மேல்தோல்) கிடைக்கும். அவற்றை டேப்பில் ஒட்டியெடுத்துத் தாளின் மேல் வையுங்கள்.

அடுத்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள். கால், உணர்கொம்பு, வயிற்றுக் கண்டங்கள் ஆகியவற்றின் வடிவம் அப்படியே இருக்க, பூச்சி வெளியேறிய வெடிப்பு முதுகின் முன்பகுதியில் தெரியும். முட்டையிலிருந்து வெளிவரும்போது சுமார் 1.5 மி.மீ. நீளமுள்ள குஞ்சு, ஏறத்தாழ 5 மி.மீ. அளவில் முதிர்வதற்குள் 5 முறை சட்டை உரிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் முன்பு அது இரத்தம் குடித்தாக வேண்டும். ஆகவே பல அளவுகளில் சட்டைகள் கிடைத்தால், பூச்சி அங்கேயே வளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆயினும் சட்டைகள் நெடுநாள் கெடாமல் கிடக்குமாதலால், அவற்றை மட்டும் வைத்து இப்போதும் பூச்சி இருப்பதாக முடிவு கட்டுவது சரியன்று.

இந்தச் சட்டை கைட்டின் என்னும் உறுதியான நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்து இறுகியது. இறுகிய பின் விரியாது என்பதாலேயே வளரும் பூச்சி அதைக் கழற்றுகிறது. அதன் மேலுள்ள மிக மெல்லிய மெழுகுப் படலம் உடலின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. டயட்டம் மண்தூள் (டயட்டம் என்னும் நுண்பாசிகளின் படிவிலிருந்து கிடைக்கும் தூள்) அந்த மெழுகை உறிஞ்சிப் பூச்சியை உலர்த்திக் கொல்வதும் இதனால்தான்.

இனி வினிகர் சோதனை. நண்டு ஓடு, நத்தை ஓடு, மூட்டைப்பூச்சியின் சட்டை ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணங்களில் இட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். முதலிரண்டிலும் உள்ள கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள் கரைந்து, கார்பன் டைஆக்சைடு குமிழ்கள் தொடர்ந்து எழும். சட்டையிலும் ஓரிரு குமிழ்கள் ஒட்டியிருக்கலாம். அவை உள்ளே சிக்கிய காற்றே தவிர வேறல்ல. வினிகரை மாற்றி மாற்றி ஊற்றி ஓரிரு நாள் விட்டால், சுண்ணாம்பை இழந்த நண்டு ஓடு கைட்டினும் புரதமும் மட்டும் எஞ்சி வளையும் தன்மை பெறும். நத்தை ஓடோ மெலிந்து நொறுங்கத் தொடங்கும். நண்டு தன் ஓட்டைக் கழற்றுவதுபோல் நத்தை கழற்றுவதில்லை, ஓட்டின் வாய் விளிம்பில் புதிய ஓட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது. சோதனைக்கு முன் லென்ஸில் பார்த்தால் அந்த வளர்ச்சிக் கோடுகளைக் காணலாம்.

டேப்பில் உயிருள்ள பூச்சி ஏதேனும் சிக்கியிருந்தால், அதை மூடிய பிளாஸ்டிக் பையில் இட்டு உடனே வீட்டைவிட்டு அகற்றுங்கள்.